கச்சான் காலத்துத் தேத்தண்ணி

தேயிலை ஸ்டோருக்குள்ளே டிக்கெட் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே எங்களுக்கு கெம்பஸ் வந்த பிறகுதான் தெரியும்.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடம், ஒரே பெட்ச், ஒரே ஹொஸ்டல். மூன்று பேர் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள், ஒருத்தி மட்டக்களப்பு. புவியியலில் 'சுற்றுலாவும் உள்ளூர்ச் சமூகமும்' என்று ஓர் எசைன்மென்ட் தந்தார்கள். மற்றவர்கள் அறுகம்பை, சிகிரியா என்று கிளம்பினார்கள். எங்களுக்குக் கட்டுப்படியாகிற இடம் எங்கள் ஊர்தான். 2025 ஆகஸ்ட் லீவில் மட்டக்களப்புக்காரியையும் இழுத்துக்கொண்டு பதுளைக்கு ரயில் ஏறினோம். ஒன்பது வளைவுப் பாலம் வந்தபோது அவள் கதவில் தொங்கினாள். நாங்கள் பேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினோம்.

வெளிநாடுகளில் சாப்பாட்டுக்கும் வைனுக்கும் என்றே டூர் இருக்கிறதாம். ஒரு தீவுக்குப் போய், வழிகாட்டியோடு தோட்டம் தோட்டமாக நடந்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த ஊர் வைனை ருசி பார்த்துவிட்டு வருவார்களாம். அதேதான் இங்கேயும். வைனுக்குப் பதிலாகத் தேத்தண்ணி. காலையில் ஸ்டோரைச் சுற்றிக் காட்டுவது, பிறகு ருசி பார்ப்பது, மத்தியானம் 'பாரம்பரியத் தோட்டத்துச் சாப்பாடு'. எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ரெண்டு பேர்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று சொல்வோம். பெரட்டில் பேர் போட்டு, மலைக்குப் போய், சொன்ன நிறை கொழுந்து பறித்துக் கொடுத்தால் ஒரு முழுப் பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. சப்பாத்து வாங்கினாலும் போனுக்கு ரீலோட் போட்டாலும் எங்களுக்கு முதலில் மண்டையில் ஓடுவது இது எத்தனை பேர் என்றுதான். மஹாபொல காசில் ரெண்டு பேரைக் கொடுத்துத் தேத்தண்ணி குடிக்கப் போகிறோம் என்று யாரும் வீட்டில் சொல்லவில்லை. எங்களில் ஒருத்தி அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். ஸ்டோருக்கு எதிர்மலையில்தான் அவள் அம்மா கொழுந்து எடுக்கிறார். அவள் பதுளை லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கேட்டிலேயே மாட்டிக்கொண்டோம். வாச்சர் அண்ணன் அவளைச் சின்னதில் இருந்தே பார்த்தவர். "என்னா பாப்பா, டிக்கெட்டா?" என்றார். கையில் இருந்த சீட்டை ரெண்டு தரம் புரட்டிப் பார்த்தார். பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்குத் திறக்கிற மாதிரியே கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

அந்தக் கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்டோர் சங்கு ஊதுகிற சத்தத்தில் எழும்பி, அந்த வாசத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள் நாங்கள். உள்ளே வேலை செய்கிற அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனாலும் கேட்டோடு சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தால் ஏச்சு விழும்.

எங்களோடு கொழும்பில் இருந்து வந்த ஒரு குடும்பமும், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் இத்தாலிய சோடியும் இருந்தார்கள். வழிகாட்டி எங்களைவிட நாலைந்து வயது மூத்த பையன், பக்கத்துச் சிங்களக் கிராமம். நல்ல இங்கிலிஷ், நல்ல சிரிப்பு. சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டிக் கதை சொன்னார். முதலில் இந்த மலையெல்லாம் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. பிறகு தேயிலை. 1890இல் கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்திருந்த தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். தம்பேத்தன்ன மலை உச்சியில் அவர் உட்கார்ந்து பார்த்த இடம்தான் இன்றைக்கு 'லிப்டன் சீட்'. வேலையாட்கள் தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்டார்கள். அடுத்த படத்தைப் பார்ப்போம்.

ஒரு வசனம். அதுவும் செயப்பாட்டு வினையில். பொய் சொன்னார் என்று சொல்லமாட்டோம். ஆனால் லிப்டன் உட்கார்ந்ததற்கே ஒரு சீட் இருக்கும்போது, மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியாக நடந்து வந்தவர்களுக்கு அரை நிமிசமாவது கொடுத்திருக்கலாம்.

உள்ளே மிஷின் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். கொழுந்தை நீளத் தொட்டியில் பரப்பிக் காற்றடித்து வாட்டுவார்கள், ரோலரில் போட்டு நசுக்குவார்கள், காற்றுப்படப் பரப்பி நிறம் மாற வைப்பார்கள், சூட்டில் காயவைப்பார்கள், சல்லடையில் பிரிப்பார்கள். வாட்டுகிற மாடியில் மட்டும் நாங்கள் நகரவே இல்லை. பச்சை ஆப்பிளை நறுக்கின மாதிரி ஒரு வாசம். மலையில் இருந்து வருகிற அம்மாவின் படங்குச் சாக்கில் அடிக்கிற அதே வாசம், ஆனால் வேர்வை இல்லாமல். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தூள் வரும் என்று வழிகாட்டி சொன்னார். எங்களில் கணக்குப் புலி ஒருத்தி உடனே தொடங்கிவிட்டாள். ஒரு பேருக்கு 18 கிலோ. அப்படியென்றால் 4 கிலோ தூள். கப்புக்கு 2 கிராம் போட்டால் 2,000 கப். கீழே கஃபேயில் ஒரு கப் என்ன விலை என்று அவள் பெருக்கப் போனபோது, போதும் விடு என்று வாயைப் பொத்தினோம்.

ருசி பார்க்கிற அறை மேல் மாடியில் இருந்தது. நீள மேசை, வெள்ளைப் பீங்கான் கப்புகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் காய்ந்த தூள், பக்கத்தில் ஊறின இலை. தூளை நிறுத்துப் போட்டு, கொதிதண்ணி ஊற்றி, மூடி வைத்து, மணிக்கூடு பார்த்து வடித்திருந்தார்கள். ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று பெரிய சத்தத்தோடு உறிஞ்சவேண்டும். காற்றும் சேர்ந்து போனால்தான் நாக்கு முழுவதும் பரவி மூக்குக்கும் ஏறுமாம். எங்கள் அப்பாமார் எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள், அம்மாமார் அதற்கு ஏசுவார்கள். இவ்வளவு காலமும் அவர்கள் பெரிய டேஸ்டர்மார் என்று தெரியாமல் போய்விட்டது.

உறிஞ்சின பிறகு துப்பவேண்டும். அதற்கென்று ஒரு உயரமான பாத்திரம் இருந்தது. கொழும்புக்காரர்கள் துப்பினார்கள். இத்தாலியர்கள் வைன் பழக்கத்தில் அழகாகத் துப்பினார்கள். எங்களால் முடியவில்லை. தேத்தண்ணியைத் துப்புவதா? பதினொரு கப்பிலும் எடுத்ததை எல்லாம் விழுங்கினோம். அன்றைக்கு ராத்திரி நாலு பேருக்கும் தூக்கம் வரவில்லை.

பெயர்கள் வரிசையாக வந்தன. ஆரஞ்சு பெக்கோ, ப்ரோக்கன் ஆரஞ்சு பெக்கோ, ஃபன்னிங்ஸ், டஸ்ட். தோட்டத்தில் மாசம் ஒருக்கா எங்கள் வீட்டுக்குக் கிடைக்கிற தூள் மாதிரி ஒன்று அந்த வரிசையில் இருக்கவில்லை. கடைசியில் தனியாக ஒரு கப்பை முன்னால் நகர்த்தினார். "இதுதான் ஊவா சீசன். இதற்குத்தான் உலகம் காத்திருக்கிறது." ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரைக்கும்தான் இந்த ருசி. தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் ஹட்டன், நுவரெலியா பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். தேயிலை வியாபாரத்தில் அதைக் கச்சான் காற்று என்பார்களாம்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். எங்களுக்குக் கச்சான் என்றால் பஸ் ஸ்டாண்டில் சுருளில் கட்டித் தருகிற கச்சான்தான். மட்டக்களப்புக்காரி முறைத்தாள். "என்னகா சிரிக்கிறீங்க? எங்கட ஊர்ல மேல்காத்தக் கச்சான் எண்டுதான் சொல்ற." தேயிலை வியாபாரிகள் எங்கள் மலையில் அடிக்கிற காற்றுக்கு வைத்திருக்கிற பெயர் தமிழ், அதை எங்களுக்குச் சொல்லித்தர கடலோரத்தில் இருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது. எங்கள் லயத்தில் அதை வெறும் 'காத்துக் காலம்' என்போம். உதடு வெடிக்கிற காலம். தகரம் பறக்காமல் இருக்கக் கல்லு தூக்கி வைக்கிற காலம்.

"மழை இல்லாமல், காற்றில் செடி கஷ்டப்படுகிறது. மெதுவாகத்தான் துளிர்க்கும். அதனால்தான் ருசி இவ்வளவு கூடுகிறது" என்றார் வழிகாட்டி.

அந்த இத்தாலிய அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. அவர்கள் நாட்டில் சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவே பன்டெலேரியா என்று ஒரு சின்னத் தீவு. அங்கேயும் காற்றுதானாம் பெரிய தொல்லை. திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றமுடியாது. நிலத்தில் குழி வெட்டி, குழிக்குள்ளே குட்டைச் செடியாக வளர்ப்பார்கள். அந்த வளர்க்கிற முறையையே 2014இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பழத்தை வெயிலிலும் காற்றிலும் உலர்த்திச் செய்கிற இனிப்பு வைனுக்குப் பாசிட்டோ என்று பெயர். போன வருசம் அங்கே இதே மாதிரி ஒரு டூர் போனாராம். வைனை ஊற்றித் தந்த ஆளின் நகத்துக்குள்ளே மண் இருந்தது என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கொடியைக் குனிந்து வெட்டுகிறவரே ஊற்றினாராம்.

நாங்கள் அந்தக் கப்பில் இருந்து ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தோம். எதிர்மலைக்காரி உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். பிறகு தமிழில், மெதுவாக, "டி, இது அம்மாவோட முட்டிக்காலு மாதிரி இருக்குடி" என்றாள்.

சிரிப்பு வந்தது. பிறகு நாங்களும் மோந்து பார்த்தோம். உண்மைதான். தோட்டத்துக் காம்பராவில் ராத்திரி எட்டு மணிக்கு வருகிற வாசம். மலை ஏறி இறங்கி வந்த அம்மா, அடுப்படி வேலை முடிந்து, காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குப் பாம் தேய்க்கிறபோது அடிக்கிற வாசம். வழிகாட்டி அதை 'வின்டர்கிரீன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஏதோ குளிர்நாட்டு இலை, நாங்கள் கண்டதில்லை. போனில் தேடினோம். ஊவா சீசன் தேயிலைக்கு அந்த வாசத்தைக் கொடுக்கிற சாமானின் பெயர் மெதில் சலிசிலேட். வலிக்குப் பூசுகிற பாம் டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதும் அதே பெயர்தான். வின்டர்கிரீன் எண்ணெய் என்பதும் பெரும்பாலும் அதுவேதான்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சன்னலுக்கு அப்பால் எதிர்மலையில் ஆட்கள் நிரையாக நின்றார்கள். அவ்வளவு தூரத்தில் யார் யார் என்று தெரியாது. அவள் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த இத்தாலிய அம்மாதான் கேட்டார். கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் இந்த சீசன் பிடிக்குமா? இந்தத் தேத்தண்ணியை அவர்கள் குடிப்பார்களா? வழிகாட்டி "ஆமாம், நிச்சயமாக" என்று தொடங்கி, எங்களைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்தினார். எங்கள் தமிழ் அவர் காதில் விழுந்திருக்கவேண்டும்.

எதிர்மலைக்காரிக்கு டுட்டோரியல் கிளாஸில் வாயே திறக்காது. அன்றைக்கு அவளுடைய உடைந்த இங்கிலிஷில் சொன்னாள். இந்த மாசங்களில் செடியில் கொழுந்து இல்லை. மழைக்காலத்தில் மத்தியானத்துக்குள் எடுக்கிற 18 கிலோவுக்கு இப்போது அந்தி வரைக்கும் நின்றாலும் 11, 12தான். நிறை காட்டாவிட்டால் அரைப்பேர். சாக்கு நிறை, தண்ணி நிறை என்று அதிலேயும் கழிப்பார்கள், மழையே இல்லாத மாசத்திலும். பட்டதாரி ஆகப்போகிற அவளுக்கு ஜூலையில் புத்தகக் காசு கேட்கக்கூடாது என்று தெரியும், அது ஏன் என்று இன்றைக்குத்தான் புரிகிறது. உலகம் காத்திருக்கிற மூன்று மாசமும் எங்கள் லயத்தில் கடைக்கொப்பி நீளுகிற மூன்று மாசமும் ஒன்றேதான். எல்லாம் சொல்லிவிட்டு, சன்னலைக் காட்டி, "மை மதர் இஸ் தெயார்" என்றாள்.

கொழும்பு அங்கிள் போனைப் பார்க்கத் தொடங்கினார். இத்தாலிய அம்மா எழும்பி சன்னலண்டை போய் நின்றார். வழிகாட்டி கோபப்படவில்லை. கீழே இறங்குகிறபோது எங்கள் பக்கத்தில் வந்து, தங்களுக்கும் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, தன் அம்மாதான் பறிக்கிறார், கொழுந்தை இந்த ஸ்டோருக்குத்தான் கொடுக்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னார். அவருக்கும் டூரில் சொல்வதற்கு ஒரு கதை எழுதித் தந்திருக்கிறார்கள். அதில் அவருடைய அம்மாவும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்களுக்கு மனசு ஆறாது. வாழையிலையில் ஐந்து ரூபாக் குத்தியைவிடக் கொஞ்சம் பெரிய ரொட்டிகள் நாலு. தேங்காய்ச் சம்பல், பருப்பு, பலாக்காய்க் கறி, கொழுந்தை மாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜி. ருசியில் குறை சொல்லமுடியாது. ஆனால் தோட்டத்து ரொட்டி என்பது அது இல்லை. தோட்டத்து ரொட்டி தட்டு அளவு இருக்கும், தடிப்பாக இருக்கும். காலையில் நாலரைக்குச் சுட்டு, துணியில் சுற்றிக் கூடைக்குள் போட்டால், பத்து மணிக்கு மலையில் தேத்தண்ணியோடு பிய்த்துத் தின்று, இரண்டு மணி வரைக்கும் வயிறு கத்தாமல் இருக்கவேண்டும். அதற்குத்தான் அந்தத் தடிப்பு. மெல்லிசாகச் சுட்டால் "என்னா புள்ள, நாள் சரியில்லையா" என்று பக்கத்துக் காம்பரா கேட்கும். 2022இல் மா விலை ஏறினபோது எங்கள் எல்லார் வீட்டிலும் ரொட்டி மெலிந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மாயி அப்போது 1973, 74 பஞ்சத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மா இல்லாமல், ரேசன் இல்லாமல், காட்டுக் கிழங்கு தோண்டித் தின்று, லயத்துக்கு லயம் சாவு விழுந்த காலம். அந்தக் கதையை அவர் ரொட்டி சுடும்போது மட்டும்தான் சொல்வார்.

கொழுந்து பஜ்ஜியைப் பார்த்து, கொழுந்துச் சம்பல் இல்லையா என்று கேட்டோம். பரிமாறினவருக்குத் தெரியவில்லை. மலையில் ரொட்டிக்குத் தொட்டுக்க ஒன்றும் இல்லாத நாளில், இளங்கொழுந்தைக் கசக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டுப் பிசைந்துகொள்வார்கள். துவர்ப்பும் உறைப்பும் சேர்ந்து நாக்கில் ஒட்டும். அது மெனுவில் வர இன்னும் காலம் இருக்கிறது போல. இத்தாலியர் இங்கே உள்ளூர் வைன் உண்டா என்று கேட்டார். கித்துள் கள்ளைப் பற்றிச் சொன்னோம். சம்பள நாளில் தோட்டத்துக்குள் வருகிற மற்றதைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

வெளியே வரும் வழியில் கடை. அந்த சீசன் தூள் 100 கிராம் பக்கெட் ஒன்றைக் காசு சேர்த்து வாங்கினோம். கடைசி பஸ் போய்விட்டதால் நாலு பேரும் எதிர்மலைக்காரியின் லயத்துக்கே ஏறினோம். லைப்ரரி எப்படி என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம்.

அம்மா வாசலில் நின்றார். "வாங்க புள்ளைங்களா. ஸ்டோரு நல்லா இருந்திச்சா?"

வாச்சர் அண்ணன் பணிய லயத்து ஆள். நாங்கள் கேட்டைத் தாண்டின அரைமணிக்குள் மலையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏச்சுக்குத் தயாராக நின்றோம். அவர் கேட்டது, டிக்கெட் எவ்வளவு என்று மட்டும்தான். அவள் உண்மையைச் சொன்னாள். அம்மா ஒரு நொடி கூடப் பிந்தாமல், "ரெண்டு பேரு" என்றார். பிறகு, "நான் இருவத்தாறு வருசமா கொழுந்து குடுக்கிறேன், மேல் மாடில என்னா இருக்குனு கண்டதில்ல. என்னா இருக்கு?" என்று கேட்டார்.

வெள்ளைக் கப்பு இருக்கவில்லை, எவர்சில்வர் டம்ளர்தான். பக்கெட்டைப் பிரித்து, அங்கே கண்ட மாதிரியே ஊறவைத்து, சீனி போடாமல் கொடுத்தோம். சத்தமாக உறிஞ்சச் சொன்னோம். வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்பா எட்டிப் பார்த்து, "எனக்குச் சொல்லித்தர வேணாம்" என்று சர்ரென்று இழுத்தார். அம்மா ரெண்டாம் வாயில் நிறுத்தினார்.

"இது காத்துக் காலத்துக் கொழுந்து. மேமலையா இருக்கும், கவ்வாத்து வெட்டி ரெண்டாம் வருசம். அந்தச் செடி இப்ப உள்ளங்கை நெறயக்கூட தராது." இன்னொரு வாய். "தூளு நல்லாத்தான் இருக்கு. சீனி எங்க?"

அந்த பாம் கதையை நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. எட்டு மணிக்கு அவர் காலை நீட்டி உட்கார்ந்தார், காம்பரா முழுவதும் அந்த வாசம் வந்தது. மட்டக்களப்புக்காரி எங்களைப் பார்த்தாள். நாங்கள் டம்ளரைப் பார்த்தோம். மகள் எழும்பிப் போய், டியூபை வாங்கி, தானே தேய்க்கத் தொடங்கினாள்.

விடியற்காலை நாலரைக்கு ரொட்டி தட்டுகிற சத்தத்தில் எழும்பினோம். தூக்கம் வந்தே ஒரு மணித்தியாலம் இருக்காது. அடுப்பில் கொதித்தது தோட்டத்துத் தூள்தான். பக்கெட்டைத் தேடினோம். வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஆள் வந்தா ஊத்தலாம்" என்றார்.